மடிப்பாக்கம் வீடு: ஏப்ரல்ல காஞ்சு கெடந்த தரை நவம்பர்ல ஊறுன கதை

லெவலிங் காம்பவுண்ட் (லெவலர்), அதாவது மேடு பள்ளத்த மட்டம் பண்ண தரைல ஊத்தற கலவை, அத ஊத்திட்டா தரைல ஏறற ஓதம் நின்னுடும்னு நம்புறவங்க நெறைய பேர் இருக்காங்க. தரை போடற வேலை பாக்கற நானும் 2022 வரைக்கும் கிட்டத்தட்ட அந்த கட்சிதான். வாயால அப்படி சொல்ல மாட்டேன், ஆனா சைட்ல நடந்துக்கிட்டது அப்படித்தான். ஒரே வீட்ல ஒரே தரைய ரெண்டு தடவ போட வேண்டி வந்துச்சு, மொத தடவ தப்பு என்னுது, ரெண்டாவது தடவ செலவுல பெரும்பங்கும் என்னுதுதான். அதனால இத நிதானமா எழுதுறேன், தரை வேலை பாக்கறவங்களுக்கும் சரி, கீழ்வீட்ல வினைல் போடலாமான்னு யோசிக்கறவங்களுக்கும் சரி, உபயோகப்படும்.

வீடு மடிப்பாக்கத்துல. 1998 வாக்குல கட்டுன தனி வீடு, கீழ ஹாலும் ரெண்டு ரூமும் சேத்து 620 சதுர அடி, மாடில ஒரு போர்ஷன். கட்டும்போது மூணு படி ஏறி உள்ள போகணுமாம், ரோட்டு மேல ரோடு போட்டு போட்டு இப்ப ஒரு படிதான் மிச்சம். அந்த ஏரியா தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்துலயே இருக்கு, கீழ பூரா களி, மழைக்காலத்துல கிணத்துல தண்ணி கைக்கு எட்டற உயரத்துக்கு வந்து நிக்கும். வீட்ல ரிட்டயர் ஆன சாரும் அம்மாவும் மட்டும், பையன் வெளிநாட்ல. அம்மாவுக்கு முட்டி வலி, மொசைக் தரை ஜில்லுனு இருக்கு, ஈரக்காலோட நடந்தா வழுக்குது, அதனால வினைல் பிளாங்க் போட்டுடலாம்னு பையன் வாட்ஸப் கால்ல சொன்னாரு. பலகை மாதிரி நீள நீளமா வர்ற பிளாஸ்டிக் ஷீட்தான் அது, 3 எம்எம் கனம், பசை போட்டு ஒட்டற டைப்.

2022 ஏப்ரல்ல வேலை. பழைய மொசைக் ஹால் நடுவுல தொட்டி மாதிரி இறங்கியிருந்துச்சு, ரசமட்டம் வச்சு பாத்தா எறக்கமான எடத்துல 12 எம்எம் வரைக்கும் வித்தியாசம். வினைல் மெலிசான ஐட்டம், கீழ இருக்கற மேடு பள்ளம் எல்லாம் ஆறு மாசத்துல மேல தெரிஞ்சிடும், அதனால லெவலர் ஊத்தியே ஆகணும், அதுல தப்பில்ல. ஓதம் இருக்கான்னு பாக்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்ட நாலு எடத்துல டேப் போட்டு ஒட்டிட்டு போனேன், மறுநாள் காலைல வந்து பிரிச்சா கீழ ஒரு சொட்டு வேர்வை இல்ல. சார் கிட்ட காமிச்சு, பாருங்க சார் தரை எலும்பா காஞ்சிருக்குன்னு பெருமையா சொன்னேன். மொசைக்க லேசா தேச்சு, லெவலர் பிடிக்க பிரைமர் அடிச்சு, சராசரி 6 எம்எம் கணக்குல 25 கிலோ மூட்டை 24 ஊத்தி, நாலு நாள் விட்டு வினைல் ஒட்டியாச்சு. கண்ணாடி மாதிரி மட்டம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சேன்.

நவம்பர் நடுவுல அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, தரைல எங்கயோ பாயசம் மாதிரி ஒண்ணு வருது, கால்ல ஒட்டுது, வந்து பாருப்பா." போய் பாத்தா கிழக்கு செவுத்த ஒட்டி மூணு வரிசை பிளாங்க்ல ஜாயிண்ட் எல்லாம் திறந்திருக்கு, இடுக்குல வெள்ளையா பசை பிதுங்கி நிக்குது, பக்கத்துல உப்பு பூத்திருக்கு, ரூம் பூரா ஊறுன கோணி வாடை. ஒரு பிளாங்க்க தூக்குனா கையோட வந்துடுச்சு, பட்டி கத்தி கூட தேவைப்படல. அடில பசை தயிராட்டம் கெடந்துச்சு. காரம் எவ்ளோன்னு காட்டற பிஹெச் பேப்பர் வச்சு பாத்தேன், 12 கிட்ட காட்டுது. பசை டப்பால பத்துக்கு மேல போகக்கூடாதுன்னு தெளிவா போட்டிருந்தான்.

இங்க கொஞ்சம் நிறுத்தி விஷயத்த சொல்லிடறேன். கான்கிரீட் பாக்கத்தான் கல்லு மாதிரி, உள்ள பூரா நுண்ணுன துளை. கீழ மண்ணுல ஈரம் இருந்தா அந்த துளை வழியா, விளக்குத்திரில எண்ணெய் ஏறற மாதிரி மேல ஏறும், ஆவியாவும் ஏறும். வர்ற வழில சிமெண்ட்ல இருக்கற காரத்தையும் கரைச்சு எடுத்துட்டு வரும். மேல மொசைக் இருந்த 24 வருஷமும் அந்த ஈரம் ஜாயிண்ட் வழியா சத்தமில்லாம ஆவியா போயிட்டே இருந்துச்சு, யாருக்கும் தெரியல. நான் போய் அதுக்கு மேல வினைல்னு ஒரு மூடி போட்டேன். ஆவி வெளில போக வழியில்லாம அடிலயே தங்கி, காரத்தண்ணி சேந்து, பசைய கரைச்சிடுச்சு. அவ்ளோதான் நடந்தது. வினைல் மேலயும் குத்தமில்ல, பசை மேலயும் குத்தமில்ல.

அப்ப லெவலர்? அது சிமெண்ட் பேஸ் காம்பவுண்ட், தண்ணிய தடுக்கறது அதோட வேலையே கிடையாது. மட்டம் பண்றது மட்டும்தான் வேலை. பேர பாத்துட்டு ஏதோ கெமிக்கல், வாட்டர்ப்ரூஃப்னு நாமளா நெனச்சுக்கறோம். இதுல ஜிப்சம் பேஸ் வேற ஒண்ணு விக்குது, காஞ்ச தரைக்கு மேல்மாடில அது நல்லாவே வேலை செய்யும், ஆனா ஈரத்தரைல போட்டா மெத்துனு ஆகிடும், சிமெண்டோட ஈரத்துல சேந்தா ரியாக்ஷன் ஆகி ஊதி கெளம்பும், கீழ்தளத்துக்கு அது பக்கமே போகக்கூடாது. நான் போட்டது சிமெண்ட் பேஸ்தான், அதனால அது கரையல. ஆனா சுத்தியல் கைப்பிடியால தட்டிட்டே போனா பாதி ஹால்ல டொக்கு சத்தம், அடில ஒட்டாம கெடக்குன்னு அர்த்தம். ஒரு எடத்துல உளி வச்சு நெம்புனேன், லெவலர் அப்பளம் அப்பளமா பெயர்ந்து வருது. திருப்பி பாத்தா அடில என் பிரைமர் அப்படியே பளபளன்னு படலமா ஒட்டியிருக்கு, மொசைக் பக்கம் சுத்தமா துடைச்சு வச்ச மாதிரி. பல வருஷத்து மெழுகு பாலிஷ் மொசைக் மேல இருந்திருக்கு, நான் லேசா தேச்சதுல அது போகவே இல்ல. ஆக ரெண்டு தப்பு, ஒண்ணு ஈரம், இன்னொண்ணு பிடிமானம். ஈரம் மட்டும் வராம இருந்திருந்தா பிடிமானத் தப்பு ரெண்டு மூணு வருஷம் மறைஞ்சிருந்திருக்கும், வேற யாரோ வந்து கண்டுபிடிச்சிருப்பான்.

பாலித்தீன் டெஸ்ட் ஏன் ஏமாத்துச்சுன்னு அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். அந்த டெஸ்ட் ஈரம் இருக்குன்னு சொன்னா நம்பலாம், இல்லன்னு சொன்னா நம்பக்கூடாது. ஒரே ராத்திரில மேல வர்ற ஆவி ஷீட்ல வேர்க்கிற அளவுக்கு இருந்தாத்தான் காட்டும், அதுவும் தரைக்கும் காத்துக்கும் சூட்டு வித்தியாசம் ஒத்து வந்தாத்தான். நான் பண்ணது ஏப்ரல்ல, கிணத்துல தண்ணி பதினஞ்சு அடிக்கு கீழ கெடந்தப்போ, மெழுகு பூசுன மொசைக் மேல. அந்த வீட்ல கேக்க வேண்டிய மொத கேள்வியே கிணத்துத் தண்ணி ஐப்பசி கார்த்திகைல எங்க நிக்கும்ங்கறதுதான், பின்னாடி கொல்லைல கிணறு கண்ணு முன்னாடி இருக்கு, ஒரு தடவ எட்டிப் பாத்து சாரை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேக்கல.

சரி, இப்ப தண்ணி எங்கேர்ந்து வருது. எல்லாரும் மொதல்ல பைப்பைத்தான் சந்தேகப்படுவாங்க, நாங்களும் பட்டோம். ராத்திரி எல்லா டேப்பையும் மூடி, மாடி டேங்க்ல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு, காலைல பாத்தோம், ஒரு விரக்கடை கூட எறங்கல. பாத்ரூம்லயும் தண்ணி நிறுத்தி வச்சு பாத்தாச்சு, அங்கயும் ஒண்ணுமில்ல. நடுவுல சார் ஆர்ஓ தண்ணில உப்பு எவ்ளோன்னு பாக்கற டிடிஎஸ் மீட்டர எடுத்துட்டு வந்து, தரைல கசியற தண்ணி போர் தண்ணியா மெட்ரோ தண்ணியான்னு கண்டுபிடிச்சிடலாம்னாரு. நல்ல யோசனை மாதிரிதான் தெரியும், ஆனா கான்கிரீட் வழியா வர்ற தண்ணி வழியெல்லாம் உப்ப அள்ளிட்டு வரும், எந்தத் தண்ணியா இருந்தாலும் ரீடிங் எகிறித்தான் காட்டும்.

ஒரு நண்பர் கிட்ட கான்கிரீட்ல ஓட்டை போட்டு உள்ள இருக்கற ஈரத்த அளக்கற ஆர்ஹெச் ப்ரோப் வாங்கிட்டு வந்தேன். ஓட்டை போட்டு ஸ்லீவ்னு ஒரு சின்ன குழாய் சொருகி மூடி 24 மணி நேரம் விட்டு ரீடிங் எடுக்கணும். வினைலுக்கு பொதுவா 75 சதவீதத்துக்கு கீழ இருக்கணும்னு சொல்லுவாங்க. இங்க மேற்குப்பக்கம் 93, கிழக்கு செவுத்தோரம் 97, 98, 99. பழைய செங்கல் ஜல்லி கான்கிரீட்ல இந்த ரீடிங் துல்லியம்னு சொல்ல முடியாது, நல்ல கான்கிரீட் ஸ்லாப்புக்குன்னே வந்த முறை இது, ஆனா எந்தப் பக்கம் அதிகம்ங்கறது பளிச்சுனு தெரிஞ்சிடுச்சு. கிழக்கால வெளில போய் பாத்தா, செவுத்துலேர்ந்து கைக்கு எட்டற தூரத்துல மழைநீர் சேகரிப்பு குழி. 2003ல தமிழ்நாடு பூரா கட்டாயம்னு வந்தப்போ அவசர அவசரமா தோண்டுனது, மூணடி ஆழம், உள்ள உடைஞ்ச செங்கலும் ஜல்லியும், மொட்டமாடி தண்ணி பூரா அதுல எறங்குது. இருபது வருஷத்து சேறு அடைச்சு, சுத்தி களிமண்ணு வேற, தண்ணி கீழ எறங்க வழியே இல்ல. அது குழி இல்ல, அஸ்திவாரத்துக்கு நாமளே கட்டிக்கொடுத்த தொட்டி. சட்டத்துல தப்பில்ல, குழி தோண்டுன எடம்தான் தப்பு. மொத வேலையா பைப்ப திருப்பி, ஒரு ஃபில்டர் வச்சு, கொல்லை கிணத்துக்கே விட்டாச்சு. குழிய தோண்டி சேறெல்லாம் அள்ளி மண்ணு போட்டு மூடுனோம்.

ஆனா அதோட முடியலைன்னு தெரியும், மேற்குப்பக்கமும் 93 இருக்கே. அந்தக் காலத்து வீட்ல டிபிசின்னு, ஈரம் ஏறாம தடுக்கற ஒரு அடுக்கு, செவுத்துக்கு மட்டும் போட்டிருப்பாங்க, தரைக்கு அடில பாலித்தீன் ஷீட் யாரு போட்டா? மணல் நிரப்பி, தண்ணி விட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கான்கிரீட் போட்டு, மேல மொசைக். மண்ணு ஈரம் நேரா தரை வரைக்கும் வர தடையே கிடையாது.

இப்ப என்ன பண்றதுன்னு மேஸ்திரியோட பேச்சு. அவரு முப்பது வருஷ அனுபவம், கைப்பக்குவம் உள்ள ஆளு, "தம்பி, மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து ஒரு இஞ்சு பூசிடுவோம், தண்ணி எங்க போகுதுன்னு பாப்போம்"னாரு. அந்த லிக்விட் கலந்தா கலவை கொஞ்சம் இறுக்கமாகும், மொட்டமாடிக்கும் பாத்ரூமுக்கும் சரி, ஆனா ஆவிய வினைல் தாங்கற அளவுக்கு அது நிறுத்தாது. இன்னொரு வழி, மொசைக் மேலயே எபாக்ஸி, அதாவது ரெண்டு பாகம் கலந்து அடிச்சா கெட்டியா இறுகற ரெசின், ரெண்டு கோட் அடிச்சு ஆவிய அடைச்சிட்டு மேல லெவலர் ஊத்தறது. மொசைக் கெட்டியா இருந்தா நான் அதத்தான் செஞ்சிருப்பேன், ஆனா எபாக்ஸி எதுமேல ஒட்டியிருக்கோ அதோட பலம்தான் அதுக்கும். தட்டிப் பாத்தா மொசைக்கே மூணுல ஒரு பங்கு டொக்கு. அடில இருக்கற சுண்ணாம்பு கான்கிரீட் விரலால சுரண்டினா உதிருது. அதுமேல எவ்ளோ வெல கொடுத்து எபாக்ஸி அடிச்சாலும் தோலோட சேந்து வந்துடும்.

உடைக்கறதுன்னு முடிவாச்சு. பையன் கிட்ட போன்ல சொன்னப்போ ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "அண்ணா, இந்த தடவ அவசரப்பட வேணாம், எத்தன நாள் ஆனாலும் பரவால்ல"ன்னாரு. அம்மாவும் சாரும் மாடிக்கு போயிட்டாங்க. லேபர், எபாக்ஸி, லெவலர் என் செலவு, கான்கிரீட்டும் புது வினைலும் அவங்க செலவுன்னு பேசிக்கிட்டோம்.

டிசம்பர் ஆரம்பத்துல மாண்டஸ் புயல் வேற வந்து ஒரு வாரம் வேலை நின்னுச்சு. அப்புறம் மொசைக், கலவை, ஜல்லி எல்லாத்தையும் உடைச்சு அள்ளி, மணல இடிச்சு கெட்டியாக்கி, மேல மெல்லிசா சலிச்ச மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன், கடைல 1000 கேஜ்னு கேட்டா குடுப்பான், ஒரு ஷீட் மேல இன்னொண்ணு எட்டு இஞ்சு ஏறற மாதிரி விரிச்சு டேப் போட்டு, செவுத்துல டிபிசி உயரம் வரைக்கும் மடிச்சு ஏத்தினோம். சலிச்ச மணல் எதுக்குன்னா செங்கல் துண்டு கூர்முனை ஷீட்ட குத்தாம இருக்க. அதே பயத்துல கம்பி வலை வேணாம்னு சொல்லி கலவைல ஃபைபர் போட்டோம், வெட்டுன கம்பி முனை மேல சித்தாள் ஒரு தடவ மிதிச்சா போதும் ஷீட் ஓட்டை, அத யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. மேல 75 எம்எம் கனத்துக்கு எம்20 கிரேடு கான்கிரீட். க்யூரிங்குக்கு பாத்தி கட்டி தண்ணி நிறுத்த போன மேஸ்திரிய தடுத்து, ஈரக் கோணி போட்டு பாலித்தீன் மூடுனா போதும்னேன். அவருக்கு அதுல திருப்தியே இல்ல, சிமெண்ட்டுக்கு தண்ணி காட்டாம ஒரு வேலையான்னு ரெண்டு நாள் முணுமுணுத்துட்டே இருந்தாரு. ஏழு நாள்.

கோணிய எடுத்த அன்னைலேர்ந்துதான் காயற கணக்கு ஆரம்பம். பிரிட்டிஷ்காரன் கணக்கு ஒண்ணு இருக்கு, மொத 50 எம்எம்முக்கு ஒரு எம்எம்முக்கு ஒரு நாள், அதுக்கு மேல போனா இன்னும் மெதுவா, எம்எம்முக்கு ரெண்டு நாள்னு வச்சாலே 75 எம்எம்முக்கு நூறு நாள் ஆகும். அதுவும் காத்து நல்லா காஞ்சிருந்தா. சென்னைல மார்கழி ராத்திரி காத்துலயே ஈரம் 80 தாண்டும், காத்துல இருக்கறத விட கீழ தரை எப்படி காயும்? ஜன்னல் திறந்து ஃபேன் போட்டு வச்சிருக்கோம் சார்னு சொல்றவங்க இத யோசிக்கணும், மழைக்கால ராத்திரில ஜன்னல் திறந்தா ஈரம் உள்ளதான் வரும். நாங்க ஏசிய ஓட விட்டு ஜன்னல மூடி வச்சோம். அப்படியும் ஜனவரி கடைசில ப்ரோப் வச்சு பாத்தா 91, 92. அடில பாலித்தீன் இருக்கறதால மேல் வழியா மட்டும்தான் காயும், அதனால ஓட்டை ஆழம் ஸ்லாப் கனத்துல 40 சதவீதம், அதாவது 30 எம்எம். ஏன் அந்த ஆழம்னா, மேல மூடி போட்டதுக்கப்புறம் உள்ள ஈரம் சமமா பரவி, மேல்பக்கம் கடைசில அந்த ஆழத்து ரீடிங்குக்குத்தான் வந்து நிக்கும். மேல தொட்டுப் பாத்து காஞ்சிருச்சுன்னு சொல்றது இதனாலதான் பிரயோஜனமில்லாம போகுது.

92 இருக்கற தரை மேல நேரா வினைல் ஒட்ட முடியாது, 75 வர்ற வரைக்கும் காத்திருந்தா சித்திரை வந்துடும். அதனால இருக்கற ஈரத்த கீழயே கட்டிப் போடற மாதிரி எபாக்ஸி, நாங்க வாங்குனது 95 வரைக்கும் தாங்கும்னு டேட்டா ஷீட்ல இருந்துச்சு. வரிசை இதுதான், நல்லா கவனிங்க: கான்கிரீட், அதுமேல எபாக்ஸி, அதுமேல லெவலர், அப்புறம் பசை, வினைல். சில பேர் லெவலர் ஊத்திட்டு அதுமேல எபாக்ஸி அடிக்கறாங்க, அப்ப லெவலர் காலத்துக்கும் ஈரத்துல ஊறிட்டே இருக்கும், அடில ஒட்டியிருக்கற பிடி போயிடும்.

டைமண்ட் கிரைண்டர் போட்டு சிமெண்ட் பால் படிஞ்ச மேல்தோல எடுத்து, வாக்குவம் போட்டு தூசி உறிஞ்சி, பிப்ரவரி மொத வாரத்துல எபாக்ஸி. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தரைச்சூடு, காத்து வேர்க்கிற சூட்ட விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும், இல்லன்னா கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் மேல எபாக்ஸி அடிச்ச கதையாகும். காலைல ஏழு மணிக்கு காத்து 24 டிகிரி, ஈரம் 88 சதவீதம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 22லேயே வேர்க்கும், தரை இருந்தது 24.5. பத்தாது. பதினோரு மணிக்கு மேல காத்து 28, ஈரம் 65, தரை 26, இப்ப 5 டிகிரி இருக்கு, ஆரம்பிக்கலாம். பசங்க காலைலேர்ந்து சும்மா உக்காந்திருக்கோமேன்னு டீ மேல டீ குடிச்சிட்டு என்ன பாத்துட்டே இருந்தாங்க. கலந்த எபாக்ஸிய பக்கெட்லயே வச்சிருந்தா நம்மூரு வெயில்ல தானா சூடேறி புகை விட்டு கட்டியாகிடும், கலந்த உடனே தரைல கொட்டி பரப்பிடணும். மொத கோட் நீளவாக்குல, மறுநாள் ரெண்டாவது கோட் குறுக்குவாக்குல, ரெண்டும் சேந்து 40 கிலோ போச்சு. ரெண்டாவது கோட் ஈரமா இருக்கும்போதே குவார்ட்ஸ் மணல கோலமாவு தூவற மாதிரி இல்ல, அள்ளி அள்ளி, எபாக்ஸி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வீசணும். 170 கிலோ ஆச்சு. மறுநாள் கூட்டி அள்ளி வாக்குவம் பண்ணா தரை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கணும், லெவலருக்கு பிடி அதுதான். பாத்ரூம் வாசல் கிட்ட ஒரு தட்டு அகலத்துக்கு மணல் விழாம பளபளன்னு இருந்துச்சு, அத தேச்சு மறுபடி எபாக்ஸி தொட்டு மணல் போட்டோம். அத விட்டிருந்தா சரியா அங்கதான் லெவலர் கெளம்பும்.

லெவலர் ஊத்தற நாள் கல்யாண வீட்டு சமையல் மாதிரி, ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது. கலந்தா பதினஞ்சு இருபது நிமிஷம்தான் ஓடும். இந்த தடவ கான்கிரீட்டையே லேசர் வச்சு மட்டமா போட்டதால சராசரி 4 எம்எம் போதும், 16 மூட்டை. செவுத்தோரம் பூரா ஃபோம் பட்டை ஒட்டி, பாத்ரூம் வாசல்ல அணை கட்டி, ஃபேன் ஏசி எல்லாம் ஆஃப், ஜன்னல் மூடி. காத்து பட்டா மேல மட்டும் சீக்கிரம் காஞ்சு தோல் வெடிக்கும். தண்ணி அளவுலதான் நம்மூர்ல எல்லா கூத்தும் நடக்கும், மூட்டைக்கு 5.5 லிட்டர்னு போட்டிருந்தா பசங்க கண்ணளவுல ஒரு சொம்பு சேத்து விடுவாங்க, நல்லா ஓடுது அண்ணேன்னு சந்தோஷப்படுவாங்க. தோசை மாவு பதம் தாண்டி ரவா தோசை பதத்துக்கு போச்சுன்னா தண்ணி மேல மிதந்து, காஞ்சதும் மேல்தோல் மாவா உதிரும், வினைல் பசை அந்த மாவோட சேந்து உரிஞ்சு வரும். பக்கெட்ல மார்க்கர் பேனால கோடு போட்டு, அந்த கோட்ட தாண்டுனா அன்னைக்கு சம்பளம் கட்டுன்னு சொல்லி வச்சேன். மாடி டேங்க் தண்ணி மத்தியானம் கொதிக்கும், அதுல கலந்தா கைலயே இறுகிடும், அதனால முந்தின நாளே டிரம்ல புடிச்சு நிழல்ல வச்சாச்சு. மொதல்ல தண்ணி, அப்புறம் பவுடர், மெஷின்ல மெதுவா மூணு நிமிஷம், ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி ஒரு சுத்து. ரெண்டு பேர் மாத்தி மாத்தி கலக்க, ஒருத்தன் ஊத்த, நான் முள்ளு ஷூ போட்டு ரேக்ல இழுக்க, பின்னாடியே முள்ளு ரோலர் போட்டு காத்துக் குமிழ் உடைக்க, முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. மூணு மணி நேரத்துல நடந்து பாத்தேன். மறுநாள் ரெண்டு மீட்டர் மட்டப்பலகை வச்சு பாத்தா எங்கயும் 3 எம்எம் தாண்டல.

உடனே ஒட்டிடலாமா? 16 மூட்டைக்கு 88 லிட்டர் தண்ணிய நாமளே இப்ப உள்ள ஊத்தியிருக்கோம். கொஞ்சம் சிமெண்ட்டோட சேந்து கெட்டியாகிடும், மிச்சம் மேல் வழியாத்தான் போகணும், அடில எபாக்ஸி. மொத தடவ நாலு நாள்னு குருட்டாம்போக்குல விட்டேன், இந்த தடவ மேல ஈரம் அளக்கற ஹைக்ரோமீட்டர் டப்பா வச்சு 75க்கு கீழ வர்ற வரைக்கும் விட்டேன், ஆறு நாள் ஆச்சு. வினைல் பெட்டிய ரெண்டு நாள் முன்னாடியே அதே ரூம்ல பிரிச்சு வச்சு, அப்புறம் ஒட்டுனோம். பிப்ரவரி கடைசில அம்மா கீழ வந்து மெதுவா ஹால்ல ஒரு நடை நடந்து பாத்துட்டு, "இப்ப இது எத்தன மாசத்துக்கு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சாங்களான்னு நான் நிமிந்து பாக்கல.

ஒண்ணு ஒத்துக்கணும். இவ்ளோ பாடுக்கும் சொரசொரப்பான டைல்ஸ் போட்டிருந்தா பாதி செலவுல முடிஞ்சிருக்கும், கொஞ்சம் ஓதம் வந்தாலும் டைல்ஸ் தாங்கிக்கும். அம்மா முட்டிக்காகத்தான் வினைல், அதனால செஞ்சோம். தண்ணி மட்டமே தரைக்கு மேல வந்து அமுக்கற எடத்துல எபாக்ஸியும் நிக்காது, அங்க இந்த முறைய நம்பி எறங்காதீங்க.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவுல முழங்கால் தண்ணி, அந்த ஒரு படி வரைக்கும் வந்துச்சு, உள்ள ஏறல. கிணறு விளிம்புக்கு ரெண்டடி கீழ. தண்ணி வடிஞ்சதும் போயி மாடிப்படிக்கு அடில இருக்கற மூலைல ஒரு பிளாங்க்க தூக்கிப் பாத்தேன், பட்டி கத்தி வச்சு ரெண்டு ஆள் நெம்ப வேண்டியிருந்துச்சு, பசை நூல் நூலா இழுத்துச்சு. லெவலர் மேல ஈரம் 68 சதவீதம். அதே எடத்துல கான்கிரீட்டுக்குள்ள விட்டு வச்சிருந்த ஸ்லீவ்ல 88. அதாவது ஈரம் எங்கயும் போயிடல, எபாக்ஸிக்கு கீழ உக்காந்திருக்கு, அவ்ளோதான்.

2024 மழை முடிஞ்சு சார் கூப்பிட்டாரு. தரை நல்லாருக்கு, ஆனா கிழக்கு செவுத்துல ஸ்கர்ட்டிங்குக்கு மேல ஒரு சாண் உயரத்துக்கு பெயிண்ட் பொரி பொரியா உரியுது. தரை வழிய அடைச்சதும் செவுத்துக்கு போயிடுச்சான்னு மொதல்ல நெனச்சேன், கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனா வெளில மம்மட்டி போட்டு தோண்டிப் பாத்தா டிபிசி கோடு மண்ணுக்கு அடில அரையடி ஆழத்துல கெடக்கு. ரோடு உசர உசர காம்பவுண்டுக்குள்ளயும் மண்ணு கொட்டி கொட்டி உசத்தியிருக்காங்க, குழிய மூடும்போது நானும் என் பங்குக்கு ரெண்டு கூடை கொட்டியிருக்கேன். இப்ப செவுத்தோரம் ஒண்ணரை அடி அகலத்துக்கு மண்ண எறக்கி, ஜல்லி போட்டு வெளிப்பக்கம் வாட்டம் குடுத்திருக்கு. உள்ள பழைய பூச்ச சுரண்டிட்டு பெயிண்ட் எதுவும் அடிக்காம வெறும் சுண்ணாம்பு மட்டும் அடிச்சு வச்சிருக்கோம். அடுத்த கார்த்திகைல போயி பாக்கணும்.